தொட்டில் காலியாக இருக்கக் கூடாது

10 நவம்பர் 1953, செவ்வாய்

மழை விடவில்லை. குடையில் ஒரு கம்பி முறிந்து, சரியாக என் தலைமேல் ஒழுகுகிறது. மெஸ்ஸில் மறுபடியும் பூசணிக்காய்க் கூட்டு. நர்ஸுகளின் பாவங்களுக்கெல்லாம் இதுதான் தண்டனை என்று சமையல்காரர் முடிவு செய்துவிட்டார் போலிருக்கிறது. அம்மா திருவொற்றியூரிலிருந்து சொல்லி அனுப்பியிருக்கிறாள்: ஒரு மாப்பிள்ளை, துறைமுகத்தில் குமாஸ்தா, முன்வழுக்கை. வழுக்கையையே முதலில் சொல்லிவிட்டார்கள் என்றால், சொல்லாமல் விட்டது என்னவோ.

பிரசவ வார்டு நிறைந்து வழிகிறது. ஜன்னலோரக் கட்டிலில் தாயம்மா. காசிமேட்டில் குடிசை, புருஷன் லட்சுமணன் துறைமுகத்தில் நிலக்கரி சுமக்கிறான். கல்யாணமாகிப் பல வருஷம் கழித்துப் பிறந்த பையன், நல்ல கனம். அவன் பால் குடிக்கும்போதெல்லாம் இவள் தன் ஆள்காட்டி விரலை நீட்டிக்கொண்டே உட்கார்ந்திருப்பாள். ஏன் என்று கேட்டேன்.

"இத்த புடிச்சாத்தான் குடிப்பாரு நர்ஸம்மா, பெரிய துரை."

எதிர்க்கட்டில் இசக்கியம்மாள். வண்ணாரப்பேட்டையில் மளிகைக்கடை வைத்திருக்கும் ராசையாவின் மனைவி, தூத்துக்குடிப் பக்கத்துப் பேச்சு. ஆபரேஷன் செய்து எடுத்த பிள்ளை, புண் இன்னும் ஆறவில்லை. அவளுக்கும் பையன்தான். இரண்டு பேரும் ஒரே நாளில் பிறந்தவர்கள்.

11 நவம்பர், புதன்

குடையைத் தைக்கக் கொடுத்தேன். வேறொன்றும் இல்லை.

12 நவம்பர், வியாழன்

தாயம்மாவின் பிள்ளை போய்விட்டது. இன்று எழுத முடியாது.

13 நவம்பர், வெள்ளி

எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டால் மண்டைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

மத்தியானப் பால் குடித்துவிட்டுத் தூங்கினான். தாயம்மாவைக் குளிக்க அனுப்பினேன். துணியைச் சரி செய்யலாமென்று தொட்டிலில் கை வைத்தேன். காது குளிர்ந்திருந்தது. தூக்கினேன். முதுகைத் தேய்த்தேன், உள்ளங்காலில் சுண்டினேன், வாயோடு வாய் வைத்து ஊதினேன். ஜுரம் இல்லை, வலிப்பு இல்லை, வாந்தி இல்லை. தூங்கின முகம் தூங்கினபடியே இருந்தது.

பெரிய சிஸ்டர் வந்து பார்த்தார். கண்ணை மூடித் திறந்தார். என்னைப் பார்த்து, "எல்சி, தொட்டில்" என்றார். அவ்வளவுதான்.

எங்கள் வார்டில் ஒரு பழக்கம் உண்டு. பிள்ளை இறந்தால் தொட்டில் காலியாக இருக்கக் கூடாது. முன்பு ஒரு தடவை காலித் தொட்டிலைப் பார்த்துவிட்டு, இந்த அறையில் என்னமோ இருக்கிறது என்று பெண்கள் தையல் பிரிப்பதற்கு முன்னாலேயே பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். ஒருத்தி வாசலிலேயே ரத்தம் போய் விழுந்தாள். அன்றிலிருந்து பெரிய சிஸ்டருக்கு இது வேத வாக்கு. இறந்ததைத் துண்டில் சுற்றிப் பின்கதவு வழியாக எடுத்துப் போக வேண்டும். அக்கம்பக்கத்திலிருந்து ஒரு பிள்ளையை எடுத்து அந்தத் தொட்டிலில் போட வேண்டும். தாயைத் தனியாக அழைத்துச் சொல்லும்வரைதான். பிறகு அந்தப் பிள்ளை தன் இடத்துக்குப் போய்விடும்.

இசக்கியம்மாள் புண்ணுக்குக் கட்டு மாற்றப் போயிருந்தாள். அவள் பிள்ளையை எடுத்துத் தாயம்மாவின் தொட்டிலில் போட்டேன். எல்லாப் பிள்ளைக்கும் ஒரே வெள்ளைத் துணிதான், கழுத்துவரை சுற்றியிருக்கும். இறந்த பிள்ளையைப் பின்னறைக்குக் கொண்டுபோனேன். திரும்பி வந்தேன்.

தாயம்மா குளித்துவிட்டு ஈரத்தலையோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். மடியில் பிள்ளை. குடித்துக்கொண்டிருந்தது.

"பெரிய துரை தூக்கக் கலக்கத்துல கீறாரு நர்ஸம்மா. வெரல புடிக்க மாட்டேங்கறாரு."

நான் என்ன செய்தேன்? நின்றேன். பிடுங்க முடியவில்லை, சொல்லவும் முடியவில்லை. குடித்து முடிக்கட்டும் என்று நின்றேன். வெளியே மழை, உள்ளே அந்தச் சத்தம் — பிள்ளை முழுங்குகிற சத்தம். பின்னறையில் அவள் பிள்ளை துண்டுக்குள் கிடக்கிறது, இங்கே அவள் பால் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். அந்த நேரத்தில் வார்டிலேயே நான் மட்டும்தான் உயிரோடு இருக்கிறேன் என்று தோன்றியது. இல்லை, அதற்கு நேர்மாறாகத் தோன்றியது. சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

எடை பார்க்க வேண்டும் என்று பொய் சொல்லிப் பிள்ளையை வாங்கி, இசக்கியம்மாளின் தொட்டிலில் திரும்பப் போட்டேன். பெரிய சிஸ்டர் அவளைத் திரைக்குப் பின்னால் அழைத்துச் சொன்னார். "பிள்ளை தவறிப்போச்சும்மா. ஆண்டவர் சித்தம்."

தாயம்மா சிரித்தாள். "இன்னாத்துக்கு வெளையாடுறீங்க? இப்பத்தானே குடிச்சான்."

பிறகு திரையை விலக்கி எதிர்க்கட்டிலைக் காட்டினாள். "தோ கீறான் பாருங்க எம்புள்ள."

14 நவம்பர், சனி

நேற்று விட்டதை எழுதுகிறேன். டாக்டர் தண்டபாணி வந்ததும் கேட்ட முதல் கேள்வி: "பக்கத்தில் போட்டுத் தூங்கி நெருக்கிவிட்டாளா?" இல்லை, தொட்டிலில்தான் கிடந்தது, நானே பார்த்தேன் என்றேன். "எப்போதாவது நெருக்கியிருப்பாள்" என்றார். அவருக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லத்தான் அவர் படிக்கவில்லையே. அதையும் அவள் தலைக்கு மேலேயே பேசினார், அவள் கட்டிலின் இரும்புக் கம்பியோடு பேசுவதுபோல.

லட்சுமணன் சாயங்காலச் சங்கு ஊதிய பிறகுதான் வந்தான், முகமெல்லாம் கரி. அதற்குள் வார்டு ஆள் வரதன் பிள்ளையைக் கடற்கரை இடுகாட்டில் புதைத்துவிட்டு வந்து கை கழுவிக்கொண்டிருந்தான். இருட்டுவதற்குள் முடித்துவிடுவதும் எங்கள் பழக்கம்தான்.

"மூஞ்சியயாவது காட்டக் கூடாதா?" என்று கேட்டான் லட்சுமணன். யாரிடம் கேட்பது என்று தெரியாமல் சுவரைப் பார்த்துக் கேட்டான்.

இன்று இருவரும் வீட்டுக்குப் போனார்கள். அவள் ரவிக்கை முன்பக்கம் பாலில் நனைந்திருந்தது. கேட்டுவரை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

17 நவம்பர், செவ்வாய்

தாயம்மா கேட்டுக்கு வெளியே நிற்கிறாள். மழையில், தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு. சண்டை போடவில்லை, கூப்பிடவில்லை. இசக்கியம்மாளின் பிள்ளை அழுது முடித்ததும் போய்விடுகிறாள். பிள்ளை அழுகிற சத்தம் அத்தனை தூரம் கேட்காதே?

19 நவம்பர், வியாழன்

வரதன் இன்று என்னைத் தனியாக அழைத்தான். சாதாரணமாக அவன் எதற்கும் அசைகிற ஆள் இல்லை.

"ஒண்ணு சொல்றேன், பைத்தியம்னு நெனைக்காதீங்க. அந்தப் புள்ள அழுவுது, அப்பால இவ வர்றான்னு நெனச்சுக்கினு இருந்தேன். அப்டி இல்ல. மொதல்ல இவ வர்றா. அப்பாலதான் அது அழுவுது."

போய் வேலையைப் பார் என்றேன்.

20 நவம்பர், வெள்ளி

நானும் பார்த்தேன். பிள்ளை நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தது. ஜன்னல் வழியாகக் கேட்டைப் பார்த்தேன், யாரும் இல்லை. பிறகு பார்த்தபோது சாக்கு தெரிந்தது. அவள் மார்பை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டு நின்றாள். நான் தொட்டிலைத் திரும்பிப் பார்த்தேன். பிள்ளை கண் திறந்திருந்தது. அப்புறம் அழ ஆரம்பித்தது.

பால் சுரக்கிற நேரமும் பிள்ளைக்குப் பசிக்கிற நேரமும் ஒன்றுதான், இதில் அதிசயம் ஒன்றும் இல்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். படித்த நர்ஸ் அப்படித்தான் சொல்ல வேண்டும்.

21 நவம்பர், சனி

இசக்கியம்மாளின் பிள்ளை இளைக்கிறது. மார்பில் வைத்தால் முகத்தைத் திருப்புகிறது. அவளுக்குப் பாலும் வற்றுகிறது, பயத்தில் எங்கே சுரக்கும்? இன்று என் முந்தானையைப் பிடித்து இழுத்து நிறுத்தினாள்.

"நர்ஸம்மா, மறைக்காமச் சொல்லுங்க. அவ எதுக்கு எம் பிள்ளையக் காட்டித் தன் பிள்ளன்னு சொல்லுதா? அன்னைக்கு நான் கட்டு மாத்தப் போனப்ப இங்க என்ன நடந்துச்சு? இது எம் பிள்ளதானா?"

"உங்க பிள்ளைதான்" என்றேன். பிள்ளையின் கையில் பெயர் எழுதிக் கட்டிய நாடாவைக் காட்டினேன்.

"நாடாவக் கட்டினது யாரு?"

நான்தான்.

எழுதக் கூச்சமாக இருக்கிறது. பன்னிரண்டாம் தேதி காலையில் இரண்டு பிள்ளைகளையும் நான்தான் குளிப்பாட்டினேன். நனைந்த நாடாக்களை அவிழ்த்துவிட்டுப் புதிது கட்டினேன். ஒன்றுக்குக் கட்டி முடித்த பிறகுதானே அடுத்ததை எடுத்தேன்? எப்போதும் அப்படித்தான் செய்வேன். அன்று அப்படிச் செய்தேனா?

22 நவம்பர், ஞாயிறு

கோயிலில் ஜெபத்தில் மனம் நிற்கவில்லை. இறந்த பிள்ளையின் முகத்தை நினைத்துப் பார்த்தேன். இசக்கியம்மாளின் பிள்ளை முகம்தான் வருகிறது. இன்னொரு முகம் இருந்ததே, அதைக் கையில் வைத்திருந்தேனே, எங்கே போயிற்று?

24 நவம்பர், செவ்வாய்

தாயம்மா இன்று கேட்டைத் தாண்டி வராந்தா வரை வந்துவிட்டாள். பெண்கள் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு மூலையில் ஒடுங்கினார்கள். வரதன் அவளை வெளியே கொண்டுபோனான், மெதுவாகத்தான். டாக்டர் தண்டபாணி முடிவு செய்துவிட்டார்: வருகிற திங்கள்கிழமை போலீஸில் சொல்லி அவளைக் கீழ்ப்பாக்கம் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவது. பிள்ளை திருட வருகிற பைத்தியமாம். அவள் புருஷனைக் கேட்க வேண்டாமா என்றேன். "கேட்டால் வேண்டாமென்பான்" என்றார். டாக்டருக்குத் தெரிந்த விஷயங்களும் இருக்கின்றன.

அவள் பைத்தியம் இல்லை. செத்துப்போனது என்று நாங்கள் சொன்ன பிள்ளைக்கு அதற்கப்புறம் அவள் பால் கொடுத்தாள். அதை அவள் கண்ணால் பார்த்தாள், நானும் பார்த்தேன். நாங்கள் செய்து வைத்த பேயை அவள் தலையில் ஏற்றிக் கீழ்ப்பாக்கத்துக்கு அனுப்பப் போகிறோம்.

26 நவம்பர், வியாழன்

இசக்கியம்மாளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். தொட்டில் மாற்றியது, தாயம்மா பால் கொடுத்தது, நாடா, எல்லாம். அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அடிக்கவில்லை.

"அவளக் கூட்டிட்டு வாங்க" என்றாள். "பிள்ளைய அவ கையில குடுத்துப் பாப்போம்."

"அவ தன் பிள்ளைன்னு சொல்லிட்டா?"

"சொன்னாச் சொல்லட்டும். இது யாரு பிள்ளையோன்னு நெனச்சுக்கிட்டே எப்படி வளக்க? நீங்களே சொல்லுங்க. அவளாது பாக்கட்டும். அவளுக்கு நீங்க செத்ததையும் காட்டல, இருக்கதையும் காட்டல."

இன்னொன்றையும் இன்றுதான் கவனித்தேன்: இவளை நான் 'நீங்கள்' என்கிறேன், தாயம்மாவை 'நீ' என்கிறேன். இரண்டு பேரும் என்னைவிடச் சின்னவர்கள்.

29 நவம்பர், ஞாயிறு

பெரிய சிஸ்டர் மத்தியானம் கோயிலுக்குப் போயிருந்தார். நான் கேட்டுக்குப் போனேன். தாயம்மா நின்றாள், கூடவே லட்சுமணன். நாளை என்ன நடக்கப் போகிறது என்று யாரோ அவனுக்குச் சொல்லியிருக்கிறார்கள். வரதனாகத்தான் இருக்கும்.

"உள்ளே வாங்க, தாயம்மா" என்றேன்.

அவள் நம்பவில்லை. லட்சுமணன்தான் கையைப் பிடித்து அழைத்து வந்தான். அவன் வராந்தாவிலேயே நின்றுகொண்டான். இசக்கியம்மாள் புண்ணைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்து, பிள்ளையின் துணியை முழுக்கப் பிரித்தாள். அம்மணமாகத் தூக்கி நீட்டினாள்.

தாயம்மா வாங்கினாள். பிள்ளை வீறிட்டது. அவள் தரையில் உட்கார்ந்து மார்பில் வைத்துக்கொண்டாள். உடனே பிடித்துக்கொண்டது. பசி. அவள் ஆள்காட்டி விரலை நீட்டி, பிள்ளையின் உள்ளங்கையில் வைத்தாள்.

கை மூடவில்லை. குடித்துக்கொண்டே இருந்தது, விரல்களை விரித்தபடி. அவள் விரலை எடுத்துவிட்டு மறுபடி வைத்தாள். இன்னொரு கையில் வைத்துப் பார்த்தாள். இசக்கியம்மாள் கட்டில் கம்பியைப் பிடித்திருந்த பிடியில் விரல் கணுவெல்லாம் வெளுத்துவிட்டது.

"இவன் இல்ல" என்றாள் தாயம்மா.

பிள்ளை குடித்து முடிக்கும்வரை அவள் எழுந்திருக்கவில்லை. முடித்ததும் வாயைத் துடைத்து, இசக்கியம்மாளின் மடியில் வைத்தாள். "பசிச்சிச்சு. குடிக்கட்டும்னு உட்டேன்" என்றாள்.

பிறகு என்னைப் பார்த்தாள். "அன்னிக்கி மத்தியானம் குடிக்கறப்போ நல்லா புடிச்சுக்கினு இருந்தான் நர்ஸம்மா. குளிச்சிட்டு வந்து எடுத்தேன், புடிக்கல. அப்பவே கைக்குத் தெரிஞ்சுபோச்சு. மனசு கேக்கல. எம்புள்ள செத்துட்டானா?"

"ஆமாம்மா."

"எதனால?"

"எனக்குத் தெரியல. டாக்டருக்கும் தெரியல. நல்லா இருந்த பிள்ளைங்க சில நேரம் தூக்கத்துலயே இப்படிப் போயிடுது, ஏன்னு யாருக்கும் தெரியல. நீங்க நெருக்கல. நீங்க ஒரு தப்பும் செய்யல. தொட்டில்லதான் தூங்கிக்கிட்டிருந்தான்."

"அப்போ யாரும் கூட இல்லியா?"

"நான்தான் தூக்கினேன். என் கையிலதான் இருந்தான்."

அவள் என் கையை எடுத்து விரித்துப் பார்த்தாள். அப்புறம் அதில் முகத்தை வைத்து அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது இதுதான் முதல் தடவை. வராந்தாவில் லட்சுமணன் தூணோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டான். நான் — அழுதேன். வேறென்ன. மூக்கைக்கூடச் சிந்தாமல் அழுதேன்.

30 நவம்பர், திங்கள்

காலையிலேயே போனோம்: தாயம்மா, லட்சுமணன், நான், வழி காட்ட வரதன். மழை எல்லா மண்மேட்டையும் கரைத்துச் சமமாக்கிவிட்டிருந்தது. வரதன் உடைந்த ஓட்டுத்துண்டு ஒன்றை அடையாளமாகக் குத்தி வைத்திருந்தான். யாராவது ஒருநாள் கேட்பார்கள் என்று எப்போதும் அப்படி வைப்பானாம். இதுவரை யாரும் கேட்டதில்லை.

இறந்த பிள்ளையின் வாயில் தாய் பால் விட்டுத்தான் அனுப்புவார்களாம், அவர்கள் வழக்கத்தில். நாங்கள் அதைக்கூட விடவில்லை. தாயம்மா திரும்பி உட்கார்ந்து மண்ணில் பாலைப் பீய்ச்சினாள். மணல் உடனே இழுத்துக்கொண்டது. மறுபடி பீய்ச்சினாள், அதுவும் போயிற்று. பிறகு ஆள்காட்டி விரலை ஈர மணலுக்குள் விட்டாள். அப்படியே இருந்தாள். அலைச் சத்தம் கேட்டது. சட்டென்று அவள் முகம் மாறி, தலையை ஆட்டினாள், யாரோ என்னவோ சொன்னதற்குச் சரி என்பதுபோல. என்னவென்று நான் கேட்கவில்லை. விரலை மெதுவாக, ஒருவரின் பிடியிலிருந்து விடுவித்துக்கொள்வதுபோல வெளியே எடுத்தாள்.

ஆஸ்பத்திரிக்குத் திரும்பியதும் டாக்டரிடம் போய், கீழ்ப்பாக்கம் வேண்டாம், அவள் இனி வரமாட்டாள் என்றேன். எப்படித் தெரியும் என்றார். சொன்னேன், தொட்டில் விஷயத்தையும் சேர்த்து. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "காரணம் தெரியவில்லை என்று நான் எழுதியிருக்கலாம்" என்றார், தனக்குத்தானே சொல்வதுபோல. பெரிய சிஸ்டர் என்னோடு பேசுவதில்லை. மெஸ்ஸில் என் பக்கம் பூசணிக்காய் மட்டும் தாராளமாக வருகிறது.

2 டிசம்பர், புதன்

இசக்கியம்மாளின் பிள்ளை அழுதது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கேட்டில் யாரும் இல்லை. அழுகை நிற்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்தேன்.

7 டிசம்பர், திங்கள்

பிள்ளை இசக்கியம்மாளிடமே நன்றாகக் குடிக்கிறது. எடை ஏறியிருக்கிறது. நாளை வீட்டுக்குப் போகிறாள். காசிமேட்டில் தாயம்மா வீடு எங்கே என்று வரதனிடம் விசாரித்து வைத்துக்கொண்டாள்.

9 பிப்ரவரி 1954, செவ்வாய்

வெயில் ஆரம்பித்துவிட்டது. வழுக்கைக் குமாஸ்தாவைப் பார்த்தேன். நல்ல மனிதர், ரொம்பப் பேசுகிறார். யோசிக்கிறேன்.

இன்று மத்தியானம் வார்டில் இன்னொரு பிள்ளை தூக்கத்திலேயே போய்விட்டது. பெண் பிள்ளை. தாய் எண்ணூர்க்காரி, புருஷன் உப்பளத்தில் வேலை. நான்தான் தொட்டேன். செய்ய வேண்டியதெல்லாம் செய்து பார்த்தேன். இல்லை.

பெரிய சிஸ்டர் வந்தார். தொட்டிலைப் பார்த்தார், பக்கத்துத் தொட்டிலைப் பார்த்தார், அதை நோக்கிக் கை நீட்டினார். நான் குறுக்கே நின்றேன். அவர் கை கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. பிறகு போய், தன் மேஜையருகிலிருந்து நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு வந்து அந்தக் கட்டிலருகில் போட்டார், எனக்கு உட்கார.

பிள்ளையைத் துடைத்து, நல்ல துணி சுற்றி, தாயின் கையில் கொடுத்தேன். சொல்ல வேண்டியதைச் சொன்னேன். அவள் பிள்ளையின் விரலையெல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எண்ணூரிலிருந்து புருஷன் வரும்வரை மடியிலேயே வைத்திருந்தாள். வரதன் வெளியே காத்திருந்தான், யாரும் அவனை அவசரப்படுத்தவில்லை. தொட்டில் காலியாக, எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி, அங்கேயே தொங்கியது.

பெண்கள் ஓடிவிடுவார்கள் என்று கொஞ்சம் பயந்தேன். யாரும் எழுந்து போகவில்லை. ஒருத்திக்குப் பின் ஒருத்தியாகத் தங்கள் பிள்ளைகளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்கள், அவள் வைத்திருந்ததைப் போலவே. கடல் காற்று ஜன்னல் வழியாக வந்தது. நிமிர்ந்து பார்த்தேன். வார்டில் எல்லாத் தொட்டில்களும் காலியாக ஆடிக்கொண்டிருந்தன.